இரும்பின் சோர்வை அளந்த அறிஞர் ஆகஸ்ட் வோலர்

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா மலரிலே தமிழ்ப் புலவர்கள், அருளாளர்கள், நாட்டுத் தொண்டர்கள் ஆகியோரின் வரலாறுகள் அழகுற வெளிவருகின்றன. அவற்றை எழுதுவோர் கற்றோர், தமிழில் தோய்ந்தோர். அடியேனோ பத்தாம் வகுப்பு வரை பயின்று, இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து, கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த துறையினின்றே ஒரு பெரியாரை அன்பர்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ஆயினும் வங்க மண்ணிலே, இந்தக் கரக்பூரிலே குடியேறி வாழும் நம்மில், கோடை விடுமுறைக்குத் தாயகம் சென்று திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அவருக்கு நன்றிக் கடன் பட்டிருக்கிறது. அந்தக் கடனைப் பலர் அறியார். அறிவித்தல் நன்றென எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் ஆகஸ்ட் வோலர். செர்மானிய நாட்டவர். வோலர் என்றவுடன், யூரியா என்னும் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டிய வேதியியல் அறிஞர் பிரெடரிக் வோலரைச் சிலர் நினைக்கக்கூடும். அவர் வேறு, நாம் கூறப்போகும் வோலர் வேறு. இவர் புகைவண்டிப் பட்டறையிலே வாழ்ந்தவர். இரும்புக்கும் களைப்பு உண்டு என்பதை எண்ணிட்டு மெய்ப்பித்தவர்.

பிறப்பும் இளமையும்

செர்மனியின் வடபகுதியில், அந்நாளில் தனியரசாக விளங்கிய ஹனோவர் நாட்டில், சோல்டாவ் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1819-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22-ஆம் நாள் வோலர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். செல்வம் கொழிக்கும் குடும்பம் அன்று. எனினும் கல்வியின் அருமையை உணர்ந்த குடும்பம். சிறுவர் வோலருக்குக் கணக்கிலே கூர்மையான அறிவு இருந்தது. அந்த அறிவே அவருக்கு ஹனோவர் நகரத் தொழிற்கல்லூரியின் வாயிலைத் திறந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் அவர் பேராசிரியராகவோ அரசாங்க அதிகாரியாகவோ ஆகிவிடவில்லை. பெர்லின் நகரிலே போர்சிக் என்பார் நடத்திய புகழ்பெற்ற எஞ்சின் தொழிற்சாலைக்குச் சென்று, கரியும் எண்ணெயும் படிந்த கைகளுடன் வேலை கற்றார். இருப்புப்பாதை அமைக்கும் பணியிலும் பழகினார். 1843-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக்குச் சென்று நீராவி எஞ்சின்களைப் பற்றி மேலும் அறிந்து வந்தார். ஐரோப்பியப் பெருநிலத்தில் 1835-ஆம் ஆண்டிலேயே நீராவிப் புகைவண்டியை ஓடவிட்ட நாடு பெல்ஜியம். அதனால் அத்தொழிலைக் கற்க விழைந்தோர்க்கு அந்நாடு ஒரு பள்ளிக்கூடம் போல் விளங்கியது. தாயகம் மீண்ட வோலர், ஹனோவர் இருப்புப்பாதையில் சில காலம் பணியாற்றினார்.

1847-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் திருப்பம் ஏற்பட்டது. பெர்லினிலிருந்து பிராங்பர்ட் வழியாகப் பிரெஸ்லாவ் நகருக்குச் செல்லும் கீழ்ச் சைலீசிய-மார்க் இருப்புப்பாதையில், எஞ்சின்களுக்கும் வண்டிகளுக்கும் பட்டறைகளுக்கும் தலைமை ஏற்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. இங்குச் சொல்லப்படும் பிராங்பர்ட், ஓடர் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். மைன் ஆற்றங்கரைப் பெருநகரம் அன்று. பிரெஸ்லாவ் இன்று போலந்து நாட்டில் விரோத்ஸ்வாஃப் என்னும் பெயரோடு இருக்கிறது. 1852-ஆம் ஆண்டில் அந்த இருப்புப்பாதையைப் பிரஷ்ய அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது. பொறுப்பேற்றபோது வோலருக்கு வயது இருபத்தெட்டு. பின்னர் அந்தப் பதவியிலேயே அவர் இருபத்து மூன்று ஆண்டுகளைக் கழித்தார். அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த இருபத்து மூன்று ஆண்டுகளின் உழைப்பினாலேயே ஆகும்.

அக்காலத்து அச்சம்

வோலரின் பணியை உணர வேண்டுமாயின் அக்காலத்து நிலைமையை முதலில் உணர வேண்டும். இருப்புப்பாதை அப்போதுதான் தோன்றி வளர்ந்துகொண்டிருந்தது. அத்துடன் ஒரு பேரச்சமும் வளர்ந்தது. நல்ல இரும்பினால் நன்றாகச் செய்யப்பட்டு, சோதித்துப் பார்த்துப் பொருத்தப்பட்ட அச்சுகள், ஓராண்டோ ஈராண்டோ குறைவின்றி ஓடிய பின், ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இன்றி முறிந்தன. அன்று அவற்றின்மேல் பாரம் மிகுதியாக இருந்ததா என்று பார்த்தால், இல்லை. வழக்கமாகச் சுமந்த பாரமே. வழக்கமாக ஓடிய பாதையே. ஆயினும் முறிந்தன.

1842-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள் பிரான்சு நாட்டில் நேர்ந்த கொடுமையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்கும். வெர்சேல்சு நகரத்து அரச விழாவைக் கண்டுகளித்த மக்கள் பாரிசுக்குப் புகைவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தனர். வழியில் மூதோன் என்னும் இடத்தருகே முன்னால் சென்ற எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்வந்த எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எஞ்சினின் நெருப்பு மரப்பெட்டிகளைப் பற்றியது. அந்நாளைய வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவப் பகுதி வரை கப்பல் செலுத்திச் சென்று உயிருடன் மீண்ட கடலோடி துமோன் துர்வில் என்பாரும், அவர் மனைவியும் மகனும் அத்தீயிலே மாண்டனர். பனிக்கடலில் பிழைத்தவரை ஒரு முறிந்த அச்சு கொன்றது.

அச்சு முறிவதன் காரணம் என்ன என்று அறிஞர்கள் ஆராய்ந்தனர். முறிந்த பரப்பை நோக்கியபோது, ஒரு பகுதி வழவழப்பாகவும் மங்கலாகவும், மற்றொரு பகுதி சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் மணிமணியாய் மின்னுவதாகவும் இருந்தன. நாரோட்டமாக இருந்த இரும்பு, ஓயாத அதிர்ச்சியினால் உள்ளுக்குள்ளே படிகமாக மாறிவிடுகிறது என்று பலர் நம்பினர். இரும்பு எந்நாளும் படிகங்களால் ஆனதே என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ராங்கின் என்னும் இளைஞர் 1843-ஆம் ஆண்டிலேயே முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, முறிவு வெளிப்புறத்தில் தோன்றிச் சிறிது சிறிதாக உள்நோக்கிப் பரவுகிறது என்று எடுத்துக் காட்டினார். ஆயினும் பழைய நம்பிக்கை எளிதில் மறையவில்லை.

வோலர் பிறந்த அதே ஹனோவர் நாட்டில், சுரங்க அதிகாரியாக இருந்த வில்லெம் ஆல்பர்ட் என்பார், சுரங்கத்தில் பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள் திரும்பத் திரும்பச் சுமப்பதனால் அறுந்து போவதைக் கண்டு, தம் சோதனைகளை 1837-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். இவ்வாறு ஐயம் பலருக்கும் இருந்தது. அளவு மட்டும் எவரிடமும் இல்லை. எவ்வளவு பாரம், எத்தனை முறை, எப்போது முறியும் என்னும் கேள்விகளுக்கு விடை கூற ஒருவரும் இல்லை.

வண்டி அச்சும் ரயில் அச்சும்

இவ்விடத்தில் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்படி ஒன்றைக் கூறுகிறேன். பாரம் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பதை நம் முன்னோர் வள்ளுவர் காலத்திலேயே அறிந்திருந்தனர். ஆனால் நம் ஊர் மாட்டு வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அச்சு அசையாமல் இருக்க, சக்கரம் மட்டுமே அதன்மேல் சுழல்கிறது. ஆகவே அச்சின் மேற்புறம் எப்போதும் மேற்புறமே. கீழ்ப்புறம் எப்போதும் கீழ்ப்புறமே. புகைவண்டியிலோ அச்சும் சக்கரமும் ஒன்றாக இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழல்கின்றன.

பெட்டியின் பாரம் அச்சின் இரு முனைகளிலும் அமர்கிறது. அதனால் அச்சு மிக மிகச் சிறிதளவு வளைகிறது. வளையும்போது மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் நெருக்குண்கிறது. சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியதும் மேற்புறம் கீழே வந்துவிடும். சற்றுமுன் இழுபட்ட இடமே இப்போது நெருக்குண்ணும். அடுத்த அரைச்சுற்றில் மீண்டும் இழுபடும். இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் ஒவ்வோர் இடமும் ஒருமுறை இழுக்கப்பட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்து நாம் முறிப்பதில்லையா? அதைப் போன்றதே இது. ஆனால் இங்கே வளைவு கண்ணுக்குத் தெரியாது; எண்ணிக்கையோ கணக்கில் அடங்காது.

அடங்காது என்றேன், ஆனால் எழுத்தன் கணக்குப் போடாமல் விடலாமா? நம் பயணிகள் பெட்டியின் புதிய சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். அது ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 2.87 மீட்டர் செல்லும். கரக்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,550 கிலோமீட்டர். ஆகவே நாம் ஒருமுறை ஊருக்குச் செல்லும்போது நம்மைச் சுமக்கும் அச்சு ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் முறை முன்னும் பின்னும் வளைகிறது. சென்று திரும்பினால் பத்து இலட்சத்துக்கும் மேல். பத்து முறை சென்று திரும்பினால் ஒரு கோடியைக் கடந்துவிடும். நாம் பெட்டியில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ணும் வேளையிலும், குழந்தைகள் உறங்கும் வேளையிலும், நம் காலடியில் ஓர் இரும்புத் தண்டு இந்தத் தவத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

வோலர் மேற்கொண்ட வழி

அச்சு முறிவுகளால் கவலையுற்ற பிரஷ்ய அரசின் ஆதரவுடன், 1850-களின் பிற்பகுதியில் வோலர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்ட ஆண்டு 1856. ஏறத்தாழ அதே காலத்தில், எட்டாத தொலைவில் ஒருவர் புகைவண்டியின் அச்சுகளைக் காப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார்.

ஊகத்தால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்தார். முதலில், ஓடும் வண்டியில் அச்சு உண்மையில் எவ்வளவு வளைகிறது என்று அறிய விரும்பினார். இன்றுள்ள மின்கருவிகள் அன்று ஏது? தாமே ஒரு கருவியை அமைத்தார். ஓடும் அச்சு வளையும்போது ஒரு கூர்முனை சிறு உலோகத் தகட்டின்மேல் கீறிச் செல்லும். பயணம் முடிந்தபின் கீறலின் நீளத்தை அளந்தால், வழியில் அந்த அச்சு அடைந்த மிகப்பெரிய வளைவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வளைவை மட்டுமன்றி முறுக்கத்தையும் அவர் அளந்தார். இந்த அளவுகளை 1858-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓடுகின்ற வண்டியில் உலோகம் படும் பாட்டை இவ்வளவு ஒழுங்காக அளந்து எழுதியவர் அவருக்கு முன் இலர் என்றே கூறலாம்.

பாட்டின் அளவு தெரிந்தது. அந்தப் பாட்டை எத்தனை முறை உலோகம் பொறுக்கும் என்பது அடுத்த கேள்வி. அதற்காக அவர் பட்டறையில் எந்திரங்களை அமைத்தார். ஒரு தண்டின் முனையில் வில்லின் வாயிலாகப் பாரத்தை ஏற்றி, தண்டை ஓயாது சுழலவிட்டார். புகைவண்டி அச்சுக்குப் பாதையில் நேர்வது அந்தத் தண்டுக்குப் பட்டறையிலேயே நேர்ந்தது. சுற்றுகளை ஒரு கருவி எண்ணிக்கொண்டே இருந்தது. இதனோடு நில்லாமல், ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்ப வளைப்பதற்கு ஓர் எந்திரம், திரும்பத் திரும்ப முறுக்குவதற்கு ஓர் எந்திரம், திரும்பத் திரும்ப இழுப்பதற்கு ஓர் எந்திரம் எனப் பலவற்றையும் ஆக்கினார். புகழ்பெற்ற குருப் ஆலையின் எஃகும் சோதனைக்கு உள்ளாயிற்று. சாதாரண அச்சிரும்பும் உள்ளாயிற்று.

இந்த வேலையின் கடினத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எந்திரம் நிமிடத்திற்கு எழுபது சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். ஒரு கோடிச் சுற்று முடிய இரவும் பகலும் ஓட்டினாலும் மூன்று திங்களுக்கு மேல் ஆகும். மூன்று திங்கள் கழித்து அந்தத் தண்டு முறியவில்லையென்றால், முறியவில்லை என்று ஏட்டிலே ஒரு வரி எழுதலாம். அவ்வளவே! பிறகு அடுத்த தண்டு, அடுத்த பாரம். இவ்வாறு ஆண்டுகள் சென்றன. இதனிடையே அவருடைய அன்றாட அலுவலும் குறைந்ததில்லை. எஞ்சின்கள் பழுதாகும், வண்டிகள் பட்டறைக்கு வரும், கணக்குகள் எழுத வேண்டும், மேலிடத்துக்கு விடை அனுப்ப வேண்டும். இவற்றுக்கிடையேதான் அந்த ஆராய்ச்சியும் நடைபெற்றது. அலுவலகப் பளுவைக் காரணம் காட்டி நல்ல செயல்களைத் தள்ளிப்போடும் என்போன்றோர் இவ்விடத்தில் தலைகுனிய வேண்டியதுதான்.

கண்ட உண்மைகள்

1860, 1863, 1866 ஆகிய ஆண்டுகளில் அவர் தம் முடிவுகளைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, 1870-ஆம் ஆண்டில் முழு அறிக்கையை நிறைவு செய்தார். அவர் கண்ட உண்மைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது: ஒரே முறை ஏற்றினால் முறியாத பாரம், பல முறை ஏற்றினால் முறித்துவிடும். ஓர் உலோகம் எவ்வளவு வலியது என்று ஒருமுறை இழுத்துப் பார்த்து முடிவு செய்தல் போதாது.

இரண்டாவது: பாரம் மிகுந்தால் சில ஆயிரம் சுற்றுகளிலேயே முறிவு நேரும். பாரம் குறையக் குறைய, பொறுக்கும் சுற்றுகள் இலட்சமாகவும் பல இலட்சமாகவும் பெருகும். இரும்பிலும் எஃகிலும் பாரம் ஓர் எல்லைக்குக் கீழே சென்றுவிட்டால், கோடிக்கணக்கான சுற்றுகளுக்குப் பின்னும் முறிவு நேர்வதில்லை. பல எஃகு வகைகளில் இந்த எல்லை, ஒரேயடியாக இழுத்து அறுக்க வேண்டிய விசையில் ஏறக்குறையப் பாதி என்று பிற்காலத்தோர் கண்டனர்.

மூன்றாவது: உலோகத்தைக் கெடுப்பது பாரத்தின் அளவு மட்டும் அன்று. உலோகம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு எவ்வளவு ஊசலாடுகிறது என்பதே முதன்மையானது. இழுப்புக்கும் அமுக்கத்துக்கும் இடையே முழுதும் ஊசலாடும் தண்டு விரைவில் சோரும். ஒரே பக்கமாக இழுபட்டுத் தளரும் தண்டு, அதைவிட மிகுந்த இழுப்பையும் பொறுக்கும்.

நான்காவது: அச்சின் பருமன் திடீரென மாறும் இடங்களிலே, கூர்மையான மூலைகளிலே, முறிவு விரைவில் தோன்றும். மூலையை மழுக்கி மெல்ல வளைத்துவிட்டால் அச்சின் ஆயுள் நீளும். நம் பட்டறைக்குச் செல்லும் அன்பர்கள் சக்கரத்தைக் கழற்றிய அச்சு ஒன்றைக் காண நேர்ந்தால் உற்று நோக்குக. பருமன் மாறும் இடத்திலெல்லாம் மென்மையான வளைவு இருக்கும். அது அழகுக்காக இட்ட வளைவு அன்று; உயிர்களைக் காப்பதற்காக இட்ட வளைவு.

வோலர் தம் முடிவுகளை எண்களின் வரிசையாகவே தந்தார். கோடு வரைந்து காட்டவில்லை. பின்வந்தோர் அந்த எண்களைக் கோடாக வரைந்தனர். பாரம் ஒரு பக்கமும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒரு பக்கமுமாக இறங்கிச் செல்லும் அந்தக் கோட்டுக்கு இன்று உலகெங்கும் வோலர் கோடு என்றே பெயர். பொறியியல் பயிலும் மாணவர் அதனை அறியாமல் தேர்வு எழுத முடியாது. 1867-ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் அவருடைய சோதனைகளின் முடிவுகள் வைக்கப்பட்டன. ஆங்கிலப் பொறியியல் இதழும் அவற்றை எடுத்துரைத்தது. அதன் பின்னரே பிற நாட்டார் கவனம் அவர்பால் திரும்பியது. 1870-களிலே பாலங்கள் அமைப்போரும் அவருடைய எண்களை அடிப்படையாக வைத்துக் கணக்கிடத் தொடங்கினர்.

பிற்கால வாழ்வு

1870-ஆம் ஆண்டில் அவர் பிராங்பர்ட்டை விட்டு நீங்கினார். 1874-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரை அடைந்து, போருக்குப் பின் செர்மனியின் வசம் வந்த அல்சேஸ்-லொரேன் பகுதியின் இருப்புப்பாதைகளை நடத்தும் உயர் பதவியை ஏற்றார். பதவி உயர்ந்தும் அவர் தம் பழைய கொள்கையை மறக்கவில்லை. ஆலைகள் விற்கும் இரும்பையும் எஃகையும் வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. அவற்றைத் தரம் பிரிக்க வேண்டும். அத்தரத்தைச் சோதித்துச் சொல்ல எப்பக்கமும் சாராத அரசாங்கச் சோதனைச்சாலைகள் வேண்டும் என்று வற்புறுத்தினார். விற்பவர்க்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் உவப்பை நோக்கவில்லை. பயணியின் உயிரையே நோக்கினார். சோதித்த பின்னரே ஏற்றல் என்னும் முறை இன்று எல்லா இருப்புப்பாதைகளிலும் வேரூன்றிவிட்டது.

1889-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று ஹனோவர் நகருக்கே திரும்பினார். அங்குக் கால் நூற்றாண்டு அமைதியாக வாழ்ந்தார். 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யூயிங், ஹம்ஃப்ரி என்னும் இருவர் நுண்ணோக்கியின் வாயிலாக இரும்பை நோக்கினர். திரும்பத் திரும்ப வளையும் இரும்பின் படிகங்களில் முதலில் மெல்லிய வழுக்கல் கோடுகள் தோன்றி, அவை பெருகி, முடிவில் விரிசலாவதைக் கண்டனர். இரும்பு படிகமாக மாறுகிறது என்னும் பழைய நம்பிக்கை அத்தோடு ஒழிந்தது. வோலர் எண்ணிக்கையால் அறிந்ததைப் பின்வந்தோர் கண்ணால் கண்டனர். அதைக் காணவும் அவருக்கு ஆயுள் இருந்தது. 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் இயற்கை எய்தினார். சில திங்களில் ஐரோப்பா முழுவதும் போர்த்தீ மூண்டது. அதனை அவர் காணவில்லை.

மறந்தால் வரும் கேடு

பெரியோர் உண்மையைக் கண்டு கூறிவிட்டால் மட்டும் போதாது. அதை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் மீண்டும் நினைவில் நிறுத்த வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கூறுவேன்.

1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாளும் ஏப்ரல் 8-ஆம் நாளும் இங்கிலாந்தின் காமெட் என்னும் புதுமையான விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. பயணம் செய்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. அறிஞர்கள் அதே வகை விமானம் ஒன்றைப் பெருந்தொட்டி நீருக்குள் வைத்து, உள்ளே நீரழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தனர். உயரே எழும்போதும் கீழே இறங்கும்போதும் விமானத்தின் தகடு உப்பித் தளர்வதனால் சோர்வுற்று, துவாரங்களின் மூலையருகே விரிசல் கண்டு கிழிந்தது என்பது தெரிந்தது. நூறாண்டுக்கு முன் புகைவண்டி அச்சில் இருந்த அதே பகைவன் விமானத்திலும் இருந்தான்.

மற்றொன்று இன்னும் உருக்கமானது. 1998-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், மியூனிக் நகரிலிருந்து ஹாம்பர்க் நோக்கி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற செர்மானிய விரைவு வண்டி எஷெடே என்னும் ஊரருகே கவிழ்ந்தது. சக்கரத்தின் வெளிப்பட்டை சோர்வினால் முறிந்ததே காரணம். பெட்டிகள் பாலத்தில் மோதின. 101 பேர் மாண்டனர். எஷெடே இருப்பது பழைய ஹனோவர் நாட்டுப் பகுதியில். வோலர் பிறந்த சோல்டாவ் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. உலகுக்கே இரும்பின் சோர்வைக் கற்பித்தவர் பிறந்த மண்ணிலே, அவர் மறைந்து எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே சோர்வு இத்தனை உயிர்களைப் பலிகொண்டது! அறிவு பெறுதல் ஒன்று. விழிப்போடு இருத்தல் மற்றொன்று என்பதை இதனினும் தெளிவாக எது காட்டும்?

நமக்கு உரிய பாடம்

என் இளமையிலே சந்திப்பு நிலையங்களில் நெடுந்தூர வண்டி வந்து நின்றதும், நீண்ட பிடியுள்ள சுத்தியலை ஏந்திய ஒருவர் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே நடப்பதைக் கண்டிருக்கிறேன். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஒலி மழுங்கினால் ஐயம். கோவில் மணியைத் தட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் போன்றது அது. நள்ளிரவில் தாயின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும்போது அந்த ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஏன் தட்டுகிறார் என்று தந்தையாரை வினவினேன். சக்கரம் நலமாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்றார். சக்கரம் எப்படி விடை கூறும் என்று எண்ணி வியந்தேன்.

இன்று பட்டறைகளில் அச்சுகளைக் காதுக்கு எட்டாத மீயொலியைச் செலுத்திச் சோதிக்கின்றனர். அச்சினுள்ளே விரிசல் இருந்தால் அந்த ஒலி எதிரொலித்துக் கருவியின் திரையிலே கோடாகத் தோன்றும். தண்டவாளங்களையும் அவ்வாறே சோதிக்கின்றனர். சுத்தியலின் ஓசை குறைந்துவிட்டது. கேட்கப்படும் கேள்வியோ மாறவில்லை. நாளெல்லாம் உழைத்து நீ சோர்ந்திருக்கிறாயா என்று இரும்பை நாம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிக் கேட்க வேண்டும் என்று நமக்கு உணர்த்தியவர்களுள் வோலர் தலையாயவர்.

சோதனைத் தாளில் நாள்தோறும் ஒரே விதமான எண்களை எழுதுவது சலிப்பூட்டும் வேலை. என் மேசைக்கும் அத்தகைய தாள்கள் வருவதுண்டு. முன்பெல்லாம் அவற்றை வெறும் எண்களாகவே கண்டேன். வோலரின் வரலாற்றை அறிந்த பின் அவ்வாறு காண இயலவில்லை. அந்த எண்களுள் ஒன்றைப் பாராமல் எழுதினாலும், அதன் பயனைப் பெறப்போவது பெயர் தெரியாத ஒரு குடும்பம் என்னும் நினைவு எழுகிறது. அது நம் சங்கத்துக் குடும்பமாகவும் இருக்கலாம்.

பெரும்பிழை ஒன்று செய்து வீழ்ந்தாரும் உளர். சிறுபிழை பல செய்து, வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளே விரிசல் கண்டு வீழ்ந்தாரும் உளர். இரும்பும் அத்தகையதே. அதன் விரிசலை முன்கூட்டி அறியும் வழியை நமக்குத் தந்தவர் அரண்மனையிலோ கலைக்கழகத்திலோ வாழ்ந்தவர் அல்லர். நம்மைப் போல் இருப்புப்பாதையில் ஊதியம் பெற்று உழைத்தவர். அடுத்த முறை ஊருக்குச் செல்ல வண்டியில் அமரும்போது, அன்பர்கள் ஒரு கணம் அவரை நினைப்பார்களாக.

வாழ்க ஆகஸ்ட் வோலர் புகழ்! வளர்க நம் சங்கம்!